பதிலிக்குப் பதிலி

அந்தத் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் பதிலி என்றுதான் கூப்பிட்டார்கள். இரும்புக் கட்டில், பீரோ, பள்ளிக்கூட பெஞ்சு, மருத்துவமனைக் கட்டில் எல்லாம் செய்கிற இடம். டைப்பிஸ்ட் அம்மா பிரசவ விடுப்பில் போனபோது அவர் திரும்பும் வரைக்கும் என்று சொல்லி இவரை எடுத்தார்கள். அந்த அம்மா திரும்பி வந்த சமயம் பார்த்து, கணக்குப் பிரிவில் ஒருவர் காலை உடைத்துக்கொண்டார். அவர் தேறி வருவதற்குள் கொள்முதல் பிரிவில் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டார். இப்படி ஒரு நாற்காலியிலிருந்து இன்னொரு நாற்காலிக்கு மாறி மாறி உட்கார்ந்தே இவர் நிரந்தர ஊழியராகவும் ஆகிவிட்டார். நிரந்தரமாக ஒரு நாற்காலி மட்டும் அமையவில்லை. எந்த மேசையின் இழுப்பறையைத் திறந்தாலும் அதில் வேறு யாருடைய சீப்போ, மாத்திரையோ, பாதி தின்ற பிஸ்கட்டோ இருக்கும். சாப்பாட்டுப் பையை எங்கே வைப்பது என்பதே அவருக்குத் தினமும் ஒரு யோசனை.

பெயரைக் குறித்து அவர் கோபப்பட்டதில்லை. "பதிலின்னா என்ன குறைச்சல்? யாராவது லீவு போட்டாத்தான் நமக்கு மதிப்பு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் மனைவியிடம் மட்டும், "ஒரு மேசை கொடுத்தா என்ன, குறைஞ்சா போயிடுவாங்க?" என்பார்.

அவர் மனைவி ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவிங் டீச்சர். இவர் டிரைவிங் டீச்சருடைய வீட்டுக்காரர். அங்கேயும் சொந்தமாக ஒரு பேர் இல்லை என்று மாமியார் கேலி செய்வார்.

அந்த வருடம் ஒரு பெரிய மருத்துவமனை கட்டில்களுக்கு ஆர்டர் கொடுத்தது. எப்போது அனுப்புவீர்கள் என்று அவர்கள் கேட்டதற்கு விற்பனைப் பிரிவு ஒரு தேதி சொன்னது. உற்பத்திப் பிரிவு வேறொரு தேதி சொன்னது. ஸ்டோர்ஸில் கேட்டால், "தகடு வந்தா பாக்கலாம்" என்றார்கள். மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்கள். மருத்துவமனை ஆர்டரை ரத்து செய்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டது.

முதலாளிக்கு அது முள்ளாகத் தைத்தது. ஒரு கண்காட்சிக்குப் போய்விட்டு வந்தவர், பெரிய மென்பொருள் ஒன்றை வாங்கப்போவதாக அறிவித்தார். ஆர்டர், கொள்முதல், ஸ்டோர்ஸ், உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டுகிற மென்பொருள். ஒரு இடத்தில் எழுதினால் எல்லா இடத்திலும் தெரியும் என்றார். பிரிவுத் தலைவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"பிரிவுக்கு ஒரு நல்ல ஆளா கொடுங்க. கொஞ்ச மாசத்துக்கு அவங்களுக்கு வேற வேலை கிடையாது. வர்றவங்ககிட்ட இருந்து இதைக் கத்துக்கறதுதான் வேலை."

தலைவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல ஆளைக் கொடுத்துவிட்டால் வேலையை யார் பார்ப்பது?

"எங்ககிட்ட இருக்கறதே ரெண்டு கை சார்" என்றார் உற்பத்தி மேலாளர்.

"மாசக் கடைசி நெருங்குது சார்" என்றார் கணக்கு மேலாளர். அன்றைக்குத் தேதி மூன்று.

பிறகு யாரோ பதிலியின் பேச்சை எடுத்தார்கள். எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. அவர் எல்லாப் பிரிவிலும் வேலை பார்த்தவராயிற்றே, எங்கே வேண்டுமானாலும் உட்காருவாரே என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். அவர் இத்தனை திறமைசாலி என்பது அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது. கூடவே பெயருக்கு இரண்டு பயிற்சியாளர்களையும் சேர்த்துப் பொறுப்பை அவர் தலையில் கட்டினார்கள். அந்த இரண்டு பேரும் கொஞ்ச நாளிலேயே வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார்கள்.

மென்பொருளை நிறுவ வந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். எல்லோரும் மேடம் என்றார்கள். கூட்ட அறையில் மேசை போட்டு அவர் வேலையைத் தொடங்கினார். ஒவ்வொரு பிரிவாகக் கூப்பிட்டு, உங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். எல்லோரும் ஒழுங்காகச் சொன்னார்கள். முதலில் கோரிக்கை எழுதுவோம், பிறகு அனுமதி வாங்குவோம், பிறகு ஆர்டர் போடுவோம், பிறகு பொருள் வரும்.

எல்லோரும் போனபிறகு மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பதிலியைப் பார்த்தார்.

"சார், எப்படி நடக்கணும்ங்கறதை எல்லாரும் சொல்லிட்டாங்க. எப்படி நடக்குதுன்னு நீங்க சொல்லுங்க."

பதிலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவசரம்னா முதல்ல போன் போவும் மேடம். பொருள் வந்து இறங்கும். அப்புறம் ஆர்டர் எழுதுவாங்க. அதுக்கப்புறம் கோரிக்கை. அனுமதி முதலாளி ஊர்ல இருந்து வந்தப்புறம்."

"தலைகீழா?"

"தலைகீழாத்தான். ஆனா பழகிடுச்சு."

அதிலிருந்து இருவருக்கும் ஒத்துப்போய்விட்டது. அவர் தொழிற்சாலையைச் சொன்னார்; மேடம் மென்பொருளைச் சொன்னார். பதிலிக்குக் கணினியில் கடிதம் தட்டத் தெரியும், அவ்வளவுதான். மேடம் வெள்ளைப் பலகையில் கட்டம் போட்டு, விற்பனையில் ஒரு ஆர்டர் பதிவானால் அது எப்படி ஸ்டோர்ஸில் இருப்பைத் தொட்டு, இல்லாததைக் கொள்முதலுக்குத் தள்ளி, உற்பத்திக்குத் தேதி கொடுக்கிறது என்று காட்டினார். பதிலி வாய் பிளந்து பார்த்தார். இத்தனை வருடம் அறை அறையாக மாறி உட்கார்ந்தவர், அந்த அறைகளுக்கு நடுவில் வேலை எப்படிப் போகிறது என்பதை முழுசாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மேடம் பொறுமையானவர், தப்பாகச் செய்தால், "இன்னொரு தடவை போடுங்க" என்பாரே தவிர முகம் சுளிக்க மாட்டார்.

பீரோக் கதவுக் கீல் என்ற ஒரே சாமானுக்குத் தொழிற்சாலையில் நாலு பெயர் இருந்தது. ஸ்டோர்ஸில் பெரிய கீல், கொள்முதலில் சாதா கீல், உற்பத்தியில் பழைய மாடல், கணக்கில் இதர செலவு. இதையெல்லாம் ஒன்றாக்கவே பல வாரம் ஓடியது.

ஒப்பந்தத்தில் அறிவுப் பரிமாற்றம் என்று ஒரு வரி உண்டு. வந்தவர்கள் தெரிந்ததை எல்லாம் தொழிற்சாலைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அதற்கென்று ஒதுக்கிய நாட்களை முதலாளி பேரம் பேசிப் பாதியாக்கியிருந்தார். இதைப் பதிலி ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எல்லாக் கம்பெனியிலயும் இதுதான் சார்" என்றார் மேடம். "புது மிஷின் வாங்கினா ஓட்டறதுக்கு ஆள் பழகணும்னு தெரியுது. இதை மட்டும் பெட்டியைத் திறந்தா தானா ஓடும்னு நினைச்சுக்கறாங்க. கடைசியில யாராவது ஒருத்தர்தான் கத்துக்கறாங்க. இங்க அது நீங்க."

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்.

மென்பொருள் ஓடத் தொடங்கிய வாரம் தொழிற்சாலை அல்லோலகல்லோலப்பட்டது. வெட்டும் பிரிவில் தகடு தீர்ந்து மிஷின் நின்றது. கணினியைக் கேட்டால் மலை மாதிரி தகடு இருக்கிறது என்றது. முதலாளி கூட்ட அறைக்கு வந்து கத்தினார். "கண்ணுக்கு முன்னாடி காலியா கிடக்கு, இது இருக்குன்னு சொல்லுது. நான் யாரை நம்பறது?"

பதிலியும் மேடமும் உட்கார்ந்து தேடினார்கள். தகடு எடைக்கு வாங்கப்படுவது. ஸ்டோர்ஸிலிருந்து எண்ணிக்கையில் போவது. பழைய இருப்பை ஏற்றும்போது பதிலி கிலோக் கணக்கை அப்படியே தகடுக் கணக்காகப் போட்டிருந்தார். இருப்பு அதிகமாகத் தெரிந்ததால் மென்பொருள் புதிதாக வாங்கச் சொல்லவே இல்லை.

"நான் போட்டதுதான்" என்றார் பதிலி.

"நான் சரிபார்த்திருக்கணும்" என்றார் மேடம். "வாங்க, ரெண்டு பேரும் போய்த் திட்டு வாங்கிட்டு வரலாம்."

வாங்கிக்கொண்டு வந்தார்கள். கொஞ்ச நாள் கூடுதலாக இருந்து சரிசெய்துவிட்டு மேடமும் குழுவும் கிளம்பினார்கள். தடித்த கையேடு ஒன்றை விட்டுப் போனார்கள். அது ஆங்கிலத்தில் இருந்தது. முதலாளி அதைத் தன் அறைக் கண்ணாடி அலமாரியில், விருதுகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அதற்குப் பிறகுதான் பதிலிக்குக் காலம் வந்தது. கூட்ட அறையின் ஓரத்தைத் தடுத்து அவருக்கு ஓர் அறை ஆக்கினார்கள். சுழல் நாற்காலி, பூட்டுள்ள இழுப்பறை. முதல் வேலையாக இழுப்பறைக்குள் சீப்பு ஒன்றை வாங்கி வைத்தார்.

யாருக்குக் கணினியில் எது நின்றாலும், "ஒரு நிமிஷம் வாங்களேன்" என்று குரல் வரும். அவர் போவார். உட்கார்ந்திருப்பவர் எழுந்து இடம் விடுவார். இவர் மௌஸைப் பிடித்து நாலு இடத்தில் சொடுக்கிவிட்டு எழுந்துவிடுவார். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது. "அவர் கை பட்டாத்தான் நகருது" என்று சொன்னார்கள். எதற்கு வம்பு என்று எல்லோரும் தங்கள் பாஸ்வேர்டையும் அவரிடமே கொடுத்துவைத்தார்கள். பெயிண்ட் பிரிவு மேற்பார்வையாளர் அம்மா மட்டும், "எப்படிச் செஞ்சீங்க, இன்னொரு தடவை காட்டுங்க" என்பார். "அப்புறம் சொல்றேன்மா, நேரமாச்சு" என்று இவர் நழுவிவிடுவார்.

ஸ்டோர்ஸ் பொறுப்பாளரை எல்லோரும் ஸ்டோர்ஸ் அண்ணன் என்பார்கள். அவர் கணினிப் பக்கமே திரும்பவில்லை. சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புவார். பதிலி பதிவு செய்வார். சொல்லிக்கொடுப்பதைவிடச் செய்துவிடுவது சுலபமாக இருந்தது. அதைவிட முக்கியம், அவருக்கு அது பிடித்திருந்தது. நடைபாதையில் நடந்தால் இரண்டு பேராவது தேடி வருகிறார்கள். முதலாளி சத்தமாக, "அவரைக் கேக்காம எதுவும் பண்ணாதீங்க" என்கிறார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் போன் வரும். "ஆபீஸ்ல நம்ம மாப்பிள்ளை இல்லேன்னா லைட்டுகூட எரியாது போல" என்பார் மாமியார். பெருமையா கேலியா என்று கண்டுபிடிக்க முடியாத குரல் அவருடையது.

பிறகு ஒரு நாள் பதிலிக்கு வயிற்றில் பிடித்த வலி விடவில்லை. வாயு என்று நினைத்து வேலைக்குப் போனார். மத்தியானம் சுருண்டு விழுந்தார். குடல்வால் வெடித்து உள்ளே சீழ் பரவியிருந்தது. அறுவை சிகிச்சை செய்து, பிறகும் காய்ச்சல் இறங்காமல் பல நாள் மருத்துவமனையில் கிடந்தார். மனைவி அவருடைய போனை அணைத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

தொழிற்சாலையில் தலைகால் புரியவில்லை. கணக்குப் பிரிவுப் பையன்கள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கே வந்துவிட்டார்கள். மருந்து மயக்கத்தில் இருந்தவரிடம், "சார், சிவப்பா ஒண்ணு வருது, ஓகே குடுக்கவா?" என்று கேட்டார்கள். நர்ஸ் வந்து, "இது வார்டா ஆபீஸா?" என்று துரத்தினார்.

அந்த நேரம் பார்த்து வேறொரு மருத்துவமனைக்குக் கட்டில்கள் போக வேண்டியிருந்தது. கட்டிலுக்கு அடியில் பொருத்தும் சக்கரம் இருப்பில் இல்லை என்று கணினி சொன்னது. சக்கரம் இல்லாமல் பில் அச்சாகவில்லை. வாசலில் லாரி நின்றது. அனுப்புப் பிரிவு எழுத்தர் என்னென்னவோ அழுத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் சக்கரம் இருந்த வரியையே நீக்கிவிட்டார். உடனே பில் அச்சானது. எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். லாரி போய்ச் சேர்ந்தபிறகு மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. நோயாளியைத் தள்ளிக்கொண்டு போகிற கட்டில் கேட்டோம். நாலு பேர் சேர்ந்து தூக்குகிற கட்டில் அனுப்பியிருக்கிறீர்களே என்றார்கள்.

முதலாளி அன்று சாயங்காலம் பழக்கூடையோடு பதிலியைப் பார்க்க வந்தார். உடம்பு எப்படி என்று கேட்டார். நன்றாக ஓய்வெடுக்கச் சொன்னார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு குனிந்து, "அந்த பாஸ்வேர்ட் மட்டும் சொன்னேன்னா..." என்றார்.

பதிலி சொன்னார். முதலாளி அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். பிறகு சக்கரம் இல்லாத கட்டில் கதையைச் சொல்லிவிட்டு, "உனக்கு ஒரு பதிலி போடாம விட்டுட்டேன்யா" என்றார். சொன்னபிறகுதான் இருவருக்கும் உறைத்தது. பதிலிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து தையல் இழுத்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முதலாளி பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டார்.

சிரிப்பு அடங்கியபிறகு அவருக்கு மனது சரியில்லை. இத்தனை நாள் தன்னை நம்பி ஓடுகிறது என்று பெருமைப்பட்டது, தான் படுத்தால் படுத்துக்கொள்கிறது. பெயிண்ட் பிரிவு அம்மா கேட்டபோதெல்லாம் நழுவியது ஞாபகத்துக்கு வந்தது.

வீட்டுக்கு வந்தபிறகு காயத்துக்குக் கட்டு மாற்றப் போக வேண்டியிருந்தது. பைக் ஓட்டக்கூடாது. மனைவி டிரைவிங் ஸ்கூல் காரின் பின் இருக்கையில் அவரை உட்காரவைத்துக்கொண்டார். முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர், வங்கியில் வேலை பார்க்கும் நடுத்தர வயதுப் பெண். நாற்சந்தியில் பச்சை விழுந்ததும் வண்டி குலுங்கி நின்றுவிட்டது. பின்னால் ஹாரன். அந்தப் பெண் மறுபடி கிளப்பினார், மறுபடி நின்றது. ஹாரன்கள் ஒன்றாகச் சேர்ந்து அலறின. ஒருவர் தலையை வெளியே நீட்டித் திட்டினார்.

"டீச்சர், நீங்களே எடுத்துடுங்க டீச்சர், ப்ளீஸ்."

பதிலியின் மனைவி கையை மடியில் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்திலும் கிளட்சு உண்டு, பிரேக் உண்டு. "கிளட்சை முழுசா மிதிங்க. ம். சாவியைத் திருப்புங்க. ஹாரன் அடிக்கறவங்க அடிக்கட்டும், அவங்களுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். இப்ப மெதுவா விடுங்க... இன்னும் மெதுவா..."

மறுபடி சிவப்பு விழுந்தது. அடுத்த பச்சைக்கு வண்டி நகர்ந்தது. பின் இருக்கையில் இருந்த பதிலிக்குத்தான் உள்ளங்கை வியர்த்திருந்தது.

அந்தப் பெண் இறங்கிப் போனதும் அவர் மனைவியிடம் கேட்டார். "உன் பக்கம்தான் எல்லாம் இருக்கே. நீயே எடுத்துட்டுப் போயிருக்கலாமே?"

"புதுசுல அப்படித்தான் செஞ்சேன். மனசு கேக்காது. கொஞ்சம் தடுமாறினா நானே எடுத்துடுவேன். எல்லாரும் என்னை நல்ல டீச்சர்னு சொன்னாங்க. லைசென்ஸும் வாங்கினாங்க. வாங்கினவங்கள்ல பாதிப் பேர் இன்னிக்கு வரைக்கும் தனியா வண்டியை எடுத்ததில்ல." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே, "இப்பல்லாம் சந்தியில நிக்கறப்ப என் கையை நானே பிடிச்சுக்குவேன்" என்றார்.



வேலைக்குத் திரும்பிய அன்று பதிலி ஒவ்வொருவருடைய பாஸ்வேர்டையும் மாற்றச் சொன்னார், தன்னிடம் சொல்லாமல். பிறகு யார் கூப்பிட்டாலும் போனார். ஆனால் நாற்காலியில் உட்காரவில்லை. பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு, "நீங்க பண்ணுங்க, நான் பாக்கறேன்" என்றார்.

தொழிற்சாலைக்கு இது பிடிக்கவில்லை. முன்பு நிமிடத்தில் முடிந்தது இப்போது அரை நாளை விழுங்கியது. ஆபரேஷன் ஆனதிலிருந்து ஆள் ஒரு மாதிரி ஆகிவிட்டார் என்றார்கள். தலைக்கனம் என்றார்கள். கணக்கு மேலாளர் முதலாளியிடம் போய்ப் புகார் சொன்னார். முதலாளி கூப்பிட்டார்.

"ஏன்யா, நீயே போட்டுட்டா முடிஞ்சு போச்சு. பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாக்கறியாமே?"

"நான் போட்டா இன்னிக்கு முடியும் சார். மறுபடி நான் படுத்தா?"

முதலாளிக்குச் சக்கரம் இல்லாத கட்டில்கள் கண்முன் வந்திருக்க வேண்டும். "சரி, கொஞ்ச நாள் பாப்போம்" என்றார்.

பெயிண்ட் பிரிவு அம்மாதான் முதலில் பிடித்துக்கொண்டார். கையேட்டை முதலாளியின் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுக்கவைத்ததும் அவர்தான். அவரும் பதிலியுமாக அதில் அன்றாடம் தேவைப்படுகிற பக்கங்களை மட்டும் பேச்சுத் தமிழில் எழுதி ஒவ்வொரு மேசைக்கும் ஒட்டினார்கள். "சிவப்பு வந்தா பயப்படாதீங்க, படிங்க" என்பது முதல் வரி.

ஸ்டோர்ஸ் அண்ணன்தான் பிடி கொடுக்கவில்லை. கட்டிலுக்கான சக்கரம் எப்படி இருப்பில் இல்லாமல் போனது என்று பார்க்கப் பதிலி ஸ்டோர்ஸுக்குப் போனபோது, பின்மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் மூட்டை மூட்டையாகச் சக்கரம், கீல், பூட்டு எல்லாம் இருந்தன. கணினியில் ஏறாத சரக்கு. திருட்டு இல்லை, ஒன்றுகூட வெளியே போனதில்லை.

"அண்ணே, இது ஏன் கணக்குல வரல?"

"வந்தா இருக்குமா தம்பி?" ஸ்டோர்ஸ் அண்ணனுக்குக் குரல் உயர்ந்தது. "இருக்குன்னு தெரிஞ்சா உற்பத்திக்காரங்க வழிச்சு எடுத்துட்டுப் போயிடுவாங்க. அப்புறம் அவசரம்னு வந்து என் உயிரை வாங்குவாங்க. இத்தனை வருஷம் இந்தக் கம்பெனி எப்ப மாட்டிக்கிட்டாலும் நான்தான் இந்த மூலையில இருந்து எடுத்துக் கொடுத்தேன். அன்னிக்கும் என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா கொடுத்திருப்பேன். எல்லாரும் அந்த டிவியைத்தானே கேக்கறீங்க!"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இந்த மூலையை எடுத்துவிட்டால் அவரை யாரும் கூப்பிடக் காரணமில்லை என்ற பயமும் இருந்தது. அந்தப் பயம் பதிலிக்குத் தெரியும். சுழல் நாற்காலியில் உட்கார்ந்தவர் ஆயிற்றே.

அவர் மேடத்துக்குப் போன் செய்தார். மேடம் அப்போது வேறொரு ஊரில் வேறொரு கம்பெனியில் இருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அதுக்கு வழி இருக்கு சார். அவசர இருப்புன்னு தனியா ஒரு அளவு வைக்கலாம். அதுக்குக் கீழ போகணும்னா ஒருத்தர் அனுமதி கொடுத்தாத்தான் போகும். உங்க இடத்துல யாரும் கேக்கலேன்னு நான் அதைத் திறக்கல. இப்படி ஒரு மூலை இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். எந்தத் திரையில் என்ன செய்ய வேண்டும் என்று அங்கிருந்தே சொன்னார். பணம் கேட்கவில்லை.

பதிலி ஸ்டூலை ஸ்டோர்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போனார். "அண்ணே, இந்த மூலை அப்படியே இருக்கட்டும். ஆனா இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். எடுக்கணும்னா உங்க அனுமதி வேணும். நீங்க சரின்னு அழுத்தாம முதலாளியே வந்தாலும் ஒரு சக்கரம் போகாது."

"முதலாளியே வந்தாலுமா?"

"முதலாளியே வந்தாலும்."

ஸ்டோர்ஸ் அண்ணன் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி, கோழி பொறுக்குகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். முதல் பொருளைப் பதிவு செய்வதற்குள் டீ ஆறிப்போனது. பதிலிக்குக் கை அரித்தது. தொடைக்கு அடியில் கையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது வாரம் உற்பத்தி மேலாளர் பூட்டு வேண்டும் என்று வந்தபோது ஸ்டோர்ஸ் அண்ணன் திரையைத் திருப்பிக் காட்டி, "அனுமதி நிலுவையில் இருக்கு. எதுக்குன்னு காரணம் எழுதுங்க" என்றார். அன்றைக்கு அண்ணன் முகத்தைப் பார்த்தவர்கள் ரொம்ப நாள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு அனுப்புப் பிரிவு எழுத்தருக்குக் கற்றுக்கொடுத்ததும் அண்ணன்தான். அவர் கற்றுக்கொடுக்கும்போது நிறையத் திட்டுவார் என்று கேள்வி.

அடுத்த வருடம் மேடம் வேலை பார்த்த நிறுவனம் பதிலியை வேலைக்குக் கேட்டது. சின்னத் தொழிற்சாலைகளில் மென்பொருள் நிறுவும்போது அங்கே இருப்பவர்களைப் பழக்குவதற்கு ஓர் ஆள் வேண்டுமாம். சம்பளமும் அதிகம். அவருக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அவருக்கென்று ஓர் அறையும் நாற்காலியும் கிடைத்தே கொஞ்ச காலம்தான் ஆகிறது. புது வேலை என்றால் ஊர் ஊராகப் போய் மறுபடி யார் யாருடைய மேசையிலோ உட்கார வேண்டும்.

யோசிக்க லீவு போட்டுக் குடும்பத்தோடு கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போனார். முதல் நாள் போன் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் போன் வேலை செய்கிறதா என்று மனைவியின் போனிலிருந்து அடித்துப் பார்த்தார். பிறகு தாங்காமல் ஸ்டோர்ஸுக்கே கூப்பிட்டார்.

"என்ன தம்பி, ஏதாவது அவசரமா?" என்று ஸ்டோர்ஸ் அண்ணன் கேட்டார்.

"இல்லண்ணே, அங்க ஏதாவது..."

"இங்க என்ன? ஓடிக்கிட்டிருக்கு. லாரி நிக்குது, வைக்கட்டுமா?"

வைத்துவிட்டார். சந்தோஷப்பட வேண்டும் என்று பதிலிக்குத் தெரிந்தது; முதலில் வந்தது என்னவோ வருத்தம்தான். மனைவியிடம் சொன்னபோது அவர், "லைசென்ஸ் வாங்கினவங்க ரோட்ல பாத்தா என்னைக் கண்டுக்கவே மாட்டாங்க. கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்" என்றார். மத்தியானம் பதிலி நன்றாகத் தூங்கினார். எழுந்ததும் வேலைக்கு வருகிறேன் என்று மேடத்துக்குச் செய்தி அனுப்பினார்.

முதலாளி முதலில் முறுக்கிக்கொண்டார். வளர்த்துவிட்டவன் என்ற முறையில் கொஞ்சம் பேசினார். சம்பளம் கூட்டித் தருகிறேன் என்றார். பதிலி, "நான் இல்லாமலே இப்ப ஓடுது சார், வீணா எதுக்கு?" என்று கேட்டார். பதிலியின் இடத்துக்குப் பெயிண்ட் பிரிவு அம்மாவைப் போடலாம் என்று முடிவானது. அந்த அம்மா முதல் நாளே அறைத் தடுப்பை எடுக்கச் சொல்லிவிட்டார். தேடி வருகிறவர்களுக்கு உட்கார இடம் வேண்டுமாம்.

கடைசி நாள் வாசல் வரை வந்த முதலாளி, "மாசத்துக்கு ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போய்யா" என்றார்.

"வரேன் சார். டீ குடிக்க வரேன்."

இப்போது அவர் சோப்பு செய்கிற இடம், குழாய் செய்கிற இடம் என்று வருடத்தில் பாதி நாள் வெளியூரில் இருக்கிறார். அங்கெல்லாம் அவரை டிரெய்னர் சார் என்கிறார்கள். வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்தால், மனைவியின் டிரைவிங் ஸ்கூலையும் கணினியில் ஏற்றிவிடலாமா என்று கேட்டுப் பார்க்கிறார். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.